கொக்கின் மூக்கு ஏன் மழுங்குகிறது?

வணக்கம் ஐயா. ஓரிகாமி என்ற தாள் மடிப்புக் கலையைக் கற்க ஆரம்பித்திருக்கிறேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்தாலும் கொக்கின் மூக்கு மழுங்கலாகவே வருகிறது. ஜப்பான் தாள் வாங்கினால் சரியாகுமா? ஆயிரம் கொக்கு மடித்துக் கோக்க வேண்டும் என்று ஆசை.
ம.

அன்புள்ள ம.,

15 செ.மீ. சதுரத் தாள் கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஏ4 தாளைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள், போதும். ஆயிரம் கொக்கு இருக்கட்டும், முதலில் ஒன்று உருப்படியாக வரட்டும்.

அந்த வீடியோவை மூடுங்கள். நீங்கள் பார்ப்பது அவர் கையை, தாளை அல்ல. மூலை மூலையோடு சேர வேண்டிய நேரத்தில் அவர் கட்டைவிரல் அதை மறைத்துக்கொண்டிருக்கும். நீங்களும் குத்துமதிப்பாக அழுத்திவிட்டு அடுத்ததற்கு ஓடுவீர்கள். சின்ன வயதில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஜப்பானியப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. கோடுகளையும் அம்புக்குறிகளையும் மட்டும் பார்த்து ஒரு தவளை மடித்தேன், பின்பக்கத்தை அழுத்தி விட்டதும் குதித்தது. சோறு ஆறுகிறது என்று திட்டிக்கொண்டே, இன்னொரு தடவை குதிக்கவிடு என்றார் அம்மா.

அந்தக் கோடுகளுக்கு ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1911இல் பிறந்தவர், தொழிற்சாலையில் இளம் தொழிலாளர்களுக்குத் தாள் மடித்தே வடிவியல் கற்பித்தவர். 1954இல் வெளிவந்த அவருடைய நூலின் குறியீடுகள்தான், கொஞ்சம் மாறி, இன்று உலகம் முழுக்க. வெறும் சிறு கோடுகளாக விட்டு விட்டு வந்தால் பள்ள மடிப்பு, அதாவது தாளை உங்கள் பக்கம் மடிக்க வேண்டும்; கோடும் புள்ளியும் கலந்து வந்தால் மேட்டு மடிப்பு, பின்பக்கம் மடிக்க வேண்டும். சுருண்ட அம்பு வந்தால் தாளைத் திருப்பிப் போட வேண்டும். இதற்கு மேல் தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு மாலைப் பொழுது போதும். அதற்குக்கூடப் பொறுமை இல்லாமல் ஆயிரம் கொக்காம்!

சரி, மூக்கு. வைர வடிவம் வந்தபின் கீழே இரண்டு கால்கள் தொங்கும் இல்லையா, அவற்றின் விளிம்புகளை நடுக்கோட்டைத் தொட மடிக்காதீர்கள், மயிரிழை இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் கழுத்தை உள்ளே திருப்பும்போது தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புடைத்துக்கொள்ளும். அதற்கும் முன்னால், கெட்டுப்போன கொக்கு ஒன்றை முழுசாகப் பிரித்துப் பாருங்கள். மூலைவிட்டக் கோடு சரியாக மூலைக்குப் போகிறதா, ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போகிறதா? தள்ளிப் போயிருந்தால் ஜப்பான் சக்கரவர்த்தியே தாள் அனுப்பினாலும் மூக்கு வராது.

பார்த்துவிட்டு எழுதுங்கள். வீடியோ சுட்டி மட்டும் அனுப்ப வேண்டாம்.