இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த துப்பாக்கி வீரர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. கனடாவின் வின்னிபெக் நகரில் 1916-ல் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். பதினாறு வயதில் அப்பா இறந்துவிட, தோல் வெட்டும் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார். 1941-ல் விமானப்படையில் சேர்ந்தார்.

அவர் பறந்தது லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில். அதில் ஏழு பேர் போவார்கள். அவர்களில் இருவர் துப்பாக்கி வீரர்கள். ஒருவருக்கு விமானத்தின் முதுகில் கண்ணாடிக் கூண்டு, இன்னொருவருக்கு வால் நுனியில். மைனார்ஸ்கி முதுகில், அவர் நண்பர் பேட் பிரோஃபி வாலில்.

வால் கூண்டைப் பற்றித் தெரிந்தால்தான் நடந்தது புரியும். அதில் ஆள் உட்காரத்தான் இடம். பாராசூட்டைக் கூண்டுக்கு வெளியே, விமானத்துக்குள் மாட்டிவைப்பார்கள். கூண்டு எண்ணெய் அழுத்தத்தில் சுழலும். அந்த அழுத்தம் இடது பக்க எஞ்சினிலிருந்து வரும். கூண்டு நேராக நின்றால்தான் வீரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவு வழியாக விமானத்துக்குள் வர முடியும். எஞ்சின் போய்விட்டால் கையால் சுற்ற ஒரு பிடி உண்டு, அவ்வளவுதான். கடும் குளிரில் மணிக்கணக்காக இப்படித் தனியாக உட்கார்ந்து இருட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் வால் வீரரின் வேலை.

1944 ஜூன் 12 இரவு. நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிரான்சின் கம்ப்ரே நகர ரயில் தடங்களைத் தகர்க்க இவர்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்கள். வழியில் ஒரு ஜெர்மானியப் போர் விமானம் கீழே, பின்பக்கமாக வந்து சுட்டது. இடது எஞ்சின்கள் இரண்டும் நின்றன. இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே தீப்பிடித்தது. எல்லோரும் குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார்.

மைனார்ஸ்கி கதவருகே வந்துவிட்டார். குதித்திருக்கலாம். திரும்பிப் பார்த்தபோது பிரோஃபி கூண்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அழுத்தம் போய்விட்டது, கைப்பிடியும் பயனற்றுப்போயிருந்தது. தீயைக் கடந்து ஊர்ந்து போய், கோடரியாலும் வெறுங்கையாலும் கூண்டைப் பெயர்க்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உடை எரிந்துகொண்டிருந்தது. போய்விடு என்று பிரோஃபி கையசைத்தார். வேறு வழியில்லாமல் தீயின் ஊடே கதவுக்குத் திரும்பி, நண்பரைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பாராசூட்டிலும் தீ. கீழே பிரெஞ்சு மக்கள் அவரை உயிரோடுதான் கண்டெடுத்தார்கள். தீக்காயம் கடுமை, சீக்கிரமே இறந்துபோனார். அப்போது வயது 27.

பிரோஃபியோ விமானத்தோடு தரையில் மோதியும் பிழைத்தார்! மோதிய வேகத்தில் கூண்டு உடைந்து அவரை வெளியே எறிந்தது. மற்ற ஐந்து பேரும் உயிர் தப்பினார்கள். அந்தக் கூண்டருகே நடந்ததைப் பிரோஃபி மட்டுமே பார்த்திருந்தார். அவர் திரும்பி வந்து சொன்னதால்தான் 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு வீரத்துக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

என்னை அலைக்கழிப்பது இதுதான். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பல விமானங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த இருட்டில் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்ல அங்கே ஒரு பிரோஃபி இல்லை.

மைனார்ஸ்கியின் கல்லறை பிரான்சில், அமியான் நகருக்கு அருகே மெஹாரிகூர் கிராமத்தில் இருக்கிறது. கனடா போகிறவர்கள் ஹாமில்டன் விமான அருங்காட்சியகத்தில் உள்ள லங்காஸ்டரை அவசியம் பாருங்கள். அவர் பறந்த விமானத்தின் அடையாள எழுத்துகளையே அதில் தீட்டி, அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.