யானைமலை படத்தில் ஏன் சின்னதாகிவிடுகிறது?

கேள்வி: நான் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர்ப் பக்கம். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கிறது. நாற்று நட்ட வயலை வைத்து யானைமலையை எடுத்தால், நேரில் அவ்வளவு பெரிதாகப் படுத்திருக்கிற மலை படத்தில் சின்ன மேடாகத் தெரிகிறது. இன்னும் வைடான லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள், மலை இன்னும் சுருங்கிவிடும். உங்கள் லென்ஸில் 18 என்பது அகலமாகக் காட்டுகிற முனை, 55 என்பது நெருக்கிக் காட்டுகிற முனை. 18-இல் வைத்தால் காலடியில் இருக்கிற வரப்பு பெரிதாகும், தூரத்தில் இருப்பதெல்லாம் சிறுத்துப்போகும், அந்த லென்ஸின் குணமே அதுதான். ஒரு பனைமரத்துக்கு 100 அடி தள்ளி நின்று 18-இல் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே பனையை விட்டு 300 அடிக்குப் பின்வாங்கி, லென்ஸை 55-க்குத் திருப்பி எடுத்துப் பாருங்கள். பனை ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கும், மலை மட்டும் மூன்று மடங்காக எழுந்து நிற்கும், ஏனென்றால் அவ்வளவு தூரத்து மலைக்கு நீங்கள் பின்னால் போன இருநூறு அடி ஒரு கணக்கே இல்லை. வரப்பில் நடக்கிற இந்த நடைக்கு ஈடாக எந்த லென்ஸும் கிடையாது.

அப்புறம் பனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். யானைமலைக்கு அழகே அந்தத் தலையும் முதுகும்தான், பனையின் கொண்டை சரியாக யானையின் நெற்றிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டால் இரண்டுமே கெட்டுவிடும். இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தால் நடுவில் கொஞ்சம் வானம் புகுந்துவிடும். மின்கம்பிக்கும் இதே வைத்தியம்தான்.

கேள்வி: 'எப்போதும் தாழ்வாக உட்கார்ந்து எடு' என்கிறார்கள். கீழக்குயில்குடியில் அப்படி எடுத்தும் படம் சரியாக வரவில்லை.

பதில்: அந்த அறிவுரையை அங்கே விட்டுவிடுங்கள். அங்கே சமணர் மலை அடிவாரத் தாமரைக் குளத்தில் நானும் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்தே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் முன்னால் ஒரு தாமரை இலைத் திட்டு, அதற்குப் பின்னால் உடனே மலை, நடுவில் இருந்த தண்ணீரைக் காணவே காணோம். தாழப் போகப் போகத் தரையும் தண்ணீரும் மெலிந்து கோடாகிவிடும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மூடிவிடும். மறுவாரம் போய்ப் படிக்கட்டின் மேல் நின்று கையை உயர்த்தி எடுத்தேன். இலைகளுக்கு இடையே தண்ணீர் விரிந்தது, பாறையின் நிழல் தலைகீழாக அதில் முழுதாக விழுந்தது. காற்று கிளம்புவதற்கு முன், விடிந்த கொஞ்ச நேரத்துக்குள் போனால்தான் அந்த நிழல் கலங்காமல் கிடைக்கும். நெல் நாற்று, சோளக்கதிர் மாதிரி முன்னால் இருப்பதைத்தான் காட்ட வேண்டும் என்றால் உட்காருங்கள், தண்ணீரைக் காட்ட வேண்டும் என்றால் எழுந்து நில்லுங்கள்.

இலையும் மலையும் இரண்டுமே துல்லியமாக வேண்டுமா? 18-இல், எஃப் 11 (லென்ஸின் துளையைச் சிறிதாக்கும் எண்) வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிற இலையில் ஃபோகஸ் செய்யுங்கள், உங்கள் மாதிரி கேமராவில் முக்கால் மீட்டரிலிருந்து மலை வரை தெளிவாக வந்துவிடும்.

கேள்வி: தெப்பக்குளத்து மண்டபத்தை நடுவில் வைத்தது தப்பு என்று நண்பர் சொல்கிறார், மூன்றில் ஒரு பங்கில்தான் வைக்க வேண்டுமாமே?

பதில்: தப்பே இல்லை. வண்டியூர்த் தெப்பக்குளமே ஏறக்குறைய சதுரம், மைய மண்டபம் அதன் நடுவில் இருக்கிறது, அது நிற்கிற திட்டின் நாலு மூலையிலும் சின்ன மண்டபங்கள். கட்டியவர்களே நடுவில் வைத்திருக்கும்போது நாம் ஏன் ஓரத்துக்குத் தள்ள வேண்டும்? கரையின் சரிபாதியில் நின்று, இரண்டு பக்கச் சின்ன மண்டபங்களும் ஒரே இடைவெளியில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரடி தள்ளினாலும் கோணலாகத் தெரியும். குளத்தில் நிழல் நன்றாக விழுந்திருந்தால் கரை விளிம்பையும் படத்தின் பாதியில் வைக்கலாம். வானத்தில் மேகமே இல்லாத நாளில் வானத்துக்குப் பாதிப் படத்தைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான்.

பதில்: எஃப் 11 கணக்கைத் தவிர மேலே சொன்னது எல்லாமே போனுக்கும் பொருந்தும். மலைக்கு ஜூமில் 0.5-ஐத் தொடாதீர்கள், 2-ஐ அழுத்திவிட்டுப் பின்னால் நடங்கள்.