சித்தப்பாவிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் எனக்கு ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம். திருப்பூருக்குக் குடிவந்தபோது என் சார்பில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, சித்தப்பாவுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடமாகப் பணமும் இல்லை, கணக்கும் இல்லை. கேட்டால், "என்னையே சந்தேகப்படுறியா?" என்கிறார்.

பதில்: தயங்காமல் கேளுங்கள், அம்மா. பவர் வாங்கியவர் உங்கள் முகவர். கேட்டால் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு அது. உங்களுக்குத் தெரியாமல் இலையைத் தன் பெயரில் விற்று லாபம் பார்த்திருந்தால், அந்த லாபமும் உங்களுடையது (பிரிவு 216).

என் அம்மாவும் உறவு முறிந்துவிடுமே என்று இப்படித்தான் வாய் திறக்காமல் இருந்தார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் ஃபேக்டரியில் இலை எடை போட்ட சீட்டுகளைத் திரட்டுங்கள்: எத்தனை கிலோ, என்ன விலை, பணம் யார் கணக்குக்குப் போனது. அப்புறம் கணக்குக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடு, நோட்டீஸ் அனுப்புங்கள். பவரையும் ரத்து செய்யுங்கள். அவர் மறுத்தால், மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடவேண்டும்.