குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சிக்குக் குளவி விட்டால், அந்தக் குளவி பிறகு வேறு பயிரைத் தாக்காதா?

தாக்காது. ஈரோடு, நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி போடுவோர் பலருக்கும் எழும் நியாயமான ஐயம்தான் இது. ஆனால் இக்குளவிகள் இலையையோ கிழங்கையோ தின்பவை அல்ல, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதிலேயே வளர்பவை.

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தாயகமான பப்பாளி மாவுப்பூச்சி, 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டபோது, அதன் இயற்கை எதிரிகள் இங்கு இல்லாததால் மல்பெரி, மரவள்ளி என்று தாவிப் பெருகியது. மெழுகு படர்ந்த அதன் உடலில் மருந்தும் எளிதில் ஒட்டாது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவியைத் தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே வயலில் விட்டார்கள், பூச்சி அடங்கியது. 2020இல் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி வேறு இனம் என்பதால், அதற்கு அனகைரஸ் லோபெசி என்னும் வேறு குளவி தேவைப்பட்டது. பெனின் நாட்டிலிருந்து வந்த அது 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

குளவி வேலை செய்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். குருத்திலையைத் திருப்பினால், பழுப்பேறி, உப்பி, கெட்டியாகிப்போன பூச்சிகள் தென்படும்; அவற்றில் குண்டூசியால் குத்தியதுபோல் வட்டத்துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள், துளை இல்லையென்றால் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். அந்த இலைகளைப் பறித்து எரிக்காதீர்கள். குளவி விட்ட தோட்டத்தில் மருந்தடிப்பது, என் பார்வையில், விதைத்த மறுநாளே உழுவதற்குச் சமம். எறும்பையும் கவனியுங்கள்: மாவுப்பூச்சி கசியும் தேன்துளிக்காக அவை காவல் நின்று குளவியை விரட்டும்.