லைக் லிஸ்ட்டில் கலந்துபோன கானாவைப் பிரிப்பது எப்படி?

ப்ரோ, ஸ்பாட்டிஃபையில் லைக் போட்ட 1,800 பாட்டில் கானா, சினிமா, அம்மன் பாட்டு எல்லாம் கலந்திருக்கு, சிலது சாம்பல் நிறமாகிப் பாட மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தீங்க. போனில் ஒவ்வொண்ணா நகர்த்தினா விடிஞ்சுடும். கம்ப்யூட்டர் ஆப்பைத் திறங்க.

லைக் லிஸ்ட்டுக்குள்ள கன்ட்ரோல்+எஃப் அடிச்சு பாடகர் பேரைத் தட்டுங்க. அவர் பாட்டு மட்டும் நிக்கும். கன்ட்ரோல்+ஏ போட்டு மொத்தமா புது ப்ளேலிஸ்ட்டுக்கு இழுத்து விடுங்க. கானாவுக்கு இங்கதான் சிக்கல்: ஒரே பாடகர் பேரை இங்கிலீஷ்ல ஒரு ஆல்பத்துல ஒரு 'a' போட்டும் இன்னொண்ணுல ரெண்டு 'a' போட்டும் ஏத்தியிருப்பாங்க. அதனால பேர்ல ஸ்பெல்லிங் மாறாத துண்டை மட்டும் அடிச்சுத் தேடுங்க.

ப்ளேலிஸ்ட்டை மரண கானா, கல்யாணக் கச்சேரி, கேரம் கிளப்புல போடுறதுன்னு இடத்துக்கு ஏத்த மாதிரி பிரிங்க. வருஷவாரியா பிரிச்சா யாரும் திரும்பப் பாக்குறதில்ல. எல்லாத்தையும் 'வடசென்னை'ன்னு ஒரே ஃபோல்டர்ல போட்டுடலாம்.

சாம்பல் பாட்டு பெரும்பாலும் உரிமம் மாறினது, இல்ல கம்பெனி வேற பதிப்பா மறுபடி ஏத்தினது. பேரைத் தேடி புதுசைச் சேத்துட்டு, பழசை அப்புறம் எடுங்க.

ப்ளேலிஸ்ட்டையே தவறி அழிச்சுட்டா பதறாதீங்க. பிரவுசர்ல உங்க அக்கவுன்ட் பக்கத்துல 90 நாளுக்குள்ள மீட்டுக்கலாம்.