திங்களன்று ஒரு டிஸ்க், செவ்வாயன்று மற்றொன்று

கேள்வி: பெங்களூரு அல்சூரில் திருமண ஆல்பம் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் கணினியில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் மிரர் செய்திருக்கிறோம்; அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். கேபிள் தளர்ந்ததால் திங்களன்று ஒரு டிஸ்க் காணாமல் போனது. மற்றதில் வேலை செய்தோம். கேபிளை மாற்றிச் செருகியதில் செவ்வாயன்று முதலாவது வந்தது, இரண்டாவது மறைந்தது. அன்றும் வேலை நடந்துவிட்டது. இப்போது இரண்டும் தெரிகின்றன. அப்படியே சேர்த்துவிடலாம் என்கிறார் எங்கள் பையன். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கவே வேண்டாம், கணினியை நிறுத்தி வையுங்கள். டிஸ்க்குகள் பழுதாகவில்லை, ஆனால் இரண்டும் தனித்தனிக் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கிலும் (ரெய்டு தன் விவரங்களை எழுதிவைக்கும் சிறு பகுதி) ஈவென்ட் எண் ஒன்று உண்டு. துணை டிஸ்க் விலகியதும் எஞ்சிய டிஸ்க்கில் அது ஏறும். எண் குறைந்தது பழையது என்று ஒதுக்கப்படும். உங்களிடம் இரண்டிலும் ஏறியிருக்கிறது. எந்த எண் பெரியது என்று தெரியலாமே தவிர, திங்கட்கிழமை ஆல்பம் ஒன்றிலும் செவ்வாய்க்கிழமை ஆல்பம் மற்றதிலும் இருப்பது அந்த எண்ணில் தெரியாது.

இதைவிட வில்லங்கமானது பிட்மேப். துணை இல்லாதபோது எந்தெந்தப் பகுதிகளில் எழுதினோம் என்று குறித்துவைத்து, துணை திரும்பியதும் அவற்றை மட்டும் நகலெடுத்து நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. விலகியிருந்த டிஸ்க் தானும் வேறிடத்தில் எழுதியிருந்தால், அந்த இடம் இந்தக் குறிப்பில் இராது; அங்கே இரண்டும் வேறுபட்டே நிற்கும். படிக்கும்போது லினக்ஸ் ஏதேனும் ஒரு டிஸ்க்கிலிருந்து எடுப்பதால், ஒரே படம் ஒருமுறை சரியாகவும் மறுமுறை பாதி சாம்பல் நிறமாகவும் திறக்கக்கூடும். இந்த முரணைக் கண்டு லினக்ஸ் சில வேளைகளில் சேர்க்க மறுக்கும்; அப்போது ஃபோர்ஸ் கொடுத்து, அதாவது மறுப்பை மீறிக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இரண்டு டிஸ்க்குகளையும் தனித்தனியே வேறொரு பெரிய டிஸ்க்கில் முழுப் பிரதி எடுங்கள். பிறகு ஒன்றை மூலமாகத் தேர்ந்து, மற்றதன் பிரதியிலிருந்து அதில் மட்டும் உள்ள கோப்புகளை மூலத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பின்னரே மற்ற டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கை அழித்து, புது டிஸ்க்கைப் போலச் சேருங்கள். தொடக்கம் முதல் முழுதாக ஒத்திசைவு நடக்கும். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். முடிந்ததும் ரெய்டு சோதனையை ஓட்டி, பொருந்தாத பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள்.

இனி ஒரு டிஸ்க் குறைந்தால் தானாகத் தொடங்காதபடி அமைத்துவிடுங்கள். மிரர் வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, துணையில்லாமல் மவுன்ட் ஆக (பயன்பாட்டுக்குத் திறக்க) இயல்பாகவே மறுக்கும். அதை மீற 'டிகிரேடட்' (குறையோடு திற) என்று, கணினி தொடங்கும்போது எவற்றை மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்ஸ்டாப் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைப்பது வினையை விலைக்கு வாங்குவது. டிஸ்க் விலகியதும் மின்னஞ்சல் வரும்படி கண்காணிப்பையும் இயக்குங்கள். அடுத்த முறை எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தைக்குப் போகும்போது பூட்டுக் கிளிப் உள்ள சாட்டா கேபிள் (டிஸ்க்கைக் கணினியோடு இணைப்பது) இரண்டு வாங்கி வாருங்கள்.