லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுப்பதும் திருத்திக்கொள்வதும்: கேள்வி பதில்

க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப் சூழல்களை, அதாவது லினக்ஸில் திரையில் தெரியும் பட்டை, பட்டியல், சாளரங்கள் ஆகியவற்றைத் தரும் மென்பொருள்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். வைஃபை, அச்சுப்பொறி, வட்டைப் பிரிப்பது ஆகியவை என் துறை அல்ல. ஒரு வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: எந்த டெஸ்க்டாப்பைச் சோதித்தாலும், எந்தத் தோற்றத்தை மாற்றிப் பார்த்தாலும், அதற்கென்று புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் செய்யுங்கள்.

கேள்வி (கணக்காளர், கோவை): விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால் லினக்ஸுக்கு மாறுகிறேன். 8 ஜிபி ரேம் உள்ளது. உபுண்டு நல்லதா, கேடிஇ நல்லதா?

பதில்: உபுண்டு என்பது விநியோகம், அதாவது லினக்ஸையும் செயலிகளையும் சேர்த்துத் தரும் முழுத் தொகுப்பு; கேடிஇ பிளாஸ்மா என்பது அதன் மேல் ஓடும் டெஸ்க்டாப். உபுண்டுவில் இயல்பாக வருவது க்னோம். அதே உபுண்டுவைப் பிளாஸ்மாவுடன் வேண்டுமென்றால் குபுண்டு என்ற பெயரில் கிடைக்கிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும்.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நிறுவியவுடன் எப்படி இருக்கிறதோ, அதில் நீங்கள் மிகக் குறைவாக மாற்ற வேண்டியிருக்கும் டெஸ்க்டாப்பே உங்களுக்கு உரியது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், திறந்த சாளரங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிவது ஆகியவற்றுக்குப் பழகிய கை உங்களுடையது என்றால், லினக்ஸ் மின்ட்டின் சின்னமனோ பிளாஸ்மாவோ முதல் நாளிலேயே அதைத் தந்துவிடும். க்னோமை அந்த வடிவத்துக்குக் கொண்டுவர நான்கைந்து நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) வேண்டும். பதிப்பு மாறும்போதெல்லாம் அவற்றை நீங்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் யுஎஸ்பியிலிருந்து நேரடியாக இயக்கி, உங்கள் உண்மையான வேலையை, அதாவது விரிதாளையும் அச்சிடுவதையும் வங்கித் தளத்தையும், அதில் செய்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். படங்களில் அழகாகத் தெரிவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி (திருவாரூர்): பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இருக்கிறது. 2 ஜிபி ரேம். தங்கை படிப்பதற்கு எந்த டெஸ்க்டாப் பொருந்தும்?

பதில்: எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ. லுபுண்டுவில் முதலாவது வருகிறது. டெபியனில் இரண்டையும் நிறுவும்போதே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் டெஸ்க்டாப்பை மாற்றுவதால் மிஞ்சுவது சில நூறு எம்பி மட்டுமே. உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தால் அது முழுவதும் போய்விடும். எனவே நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ரேம் வசதியை இயக்குங்கள்; உலாவியில் விளம்பரத் தடுப்பானைச் சேருங்கள்; வாய்ப்பிருந்தால் இன்னொரு 2 ஜிபி ரேமும் சிறிய எஸ்எஸ்டியும் வாங்கிப் போடுங்கள். பழைய கணினியில் எஸ்எஸ்டி தரும் வேகத்தை எந்த டெஸ்க்டாப்பும் தராது.

கேள்வி (ஆசிரியர், யாழ்ப்பாணம்): பிளாஸ்மா 6க்கு மாறிய பிறகு தமிழ்99 சரியாக வேலை செய்யவில்லை. சில செயலிகளில் தமிழ் வருகிறது, சிலவற்றில் ஆங்கிலமே வருகிறது. முன்பு எல்லாவற்றிலும் வந்தது.

பதில்: தமிழில் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் டெஸ்க்டாப் தேர்வில் இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் மெய்யைத் தொடர்ந்து உயிரை அழுத்தினால் அது உயிர்மெய்யாகிறது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவது புள்ளி பெறுகிறது. இரண்டும் முன்னால் உள்ள எழுத்தைப் பார்த்து நடப்பவை. லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அடுக்குக்கு அந்தத் திறன் இல்லை. விசைக்கு ஓர் எழுத்து என்பதே அதன் விதி. அதனால்தான் ஐபஸ் அல்லது ஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு நிரலும், அதனுள் எம்17என் என்ற தொகுப்பும் தேவைப்படுகின்றன. அமைப்புகளில் வெறுமனே "தமிழ்" என்று உள்ள விசைப்பலகையைச் சேர்த்துவிட்டுப் புள்ளி தானாக விழவில்லை என்று வருந்துபவர்கள் பலர். அவர்கள் சேர்த்திருப்பது அந்த அடிப்படை அடுக்கின் விசைப்பலகையைத்தான்.

2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6, சாளரங்களைத் திரையில் காட்டும் அடித்தளமாகப் பழைய எக்ஸ்11ஐ விட்டுப் புதிய வேலேண்டை இயல்பாக்கியது. எக்ஸ்11இல் உள்ளீட்டு நிரல் தனியாக ஓடி எல்லாச் செயலிகளோடும் தானே பேசிக்கொள்ளும். வேலேண்டில் சாளரங்களை நிர்வகிக்கும் கேவின் வழியாகவே அது பேச வேண்டும். ஆகையால் அதைத் தொடங்கிவைக்கும் பொறுப்பையும் கேவினிடமே விட வேண்டும். ஃப்சிடிக்ஸ்5, அதன் எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவுங்கள். கணினி அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் ஃப்சிடிக்ஸ்5ஐத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். தலைப்பு பொருத்தமில்லாமல் இருப்பதால் அங்கே யாரும் தேடுவதில்லை. அடுத்து, எக்ஸ்11 காலத்து வழிகாட்டிகளைப் பார்த்துச் சூழல் மாறிகளை (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு வரிகளை) எழுதி வைத்திருப்பீர்கள். செயலிகளின் சாளரங்களை வரையும் நூலகங்களான ஜிடிகே, க்யூடி இரண்டுக்குமான உள்ளீட்டு வரிகளை நீக்குங்கள். சில செயலிகளில் மட்டும் வேலை செய்வதற்குப் பெரும்பாலும் அந்தப் பழைய வரிகளே காரணம். குரோமியம் வழிவந்த உலாவிகளுக்கு மட்டும் வேலேண்ட் உள்ளீட்டைத் தனியாக இயக்க வேண்டியிருக்கலாம்.

க்னோமில் இந்தச் சிரமம் இல்லை. ஐபஸ் அதனுள்ளேயே பிணைக்கப்பட்டிருக்கிறது; எம்17என் தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்பவர் க்னோமைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும் என்று உறுதியாகச் சொல்வேன்.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். டெஸ்க்டாப்புகளின் இயல்பான எழுத்துருக்களில் பொதுவாகத் தமிழ் இருக்காது. கணினி வேறொன்றைத் தேடி எடுத்துப் போடும்போது கொக்கிகளும் சுழிகளும் பட்டையில் வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ என்ற எழுத்துரு இடைமுகத்துக்காகவே உயரம் குறைத்து அமைக்கப்பட்டது. அதை நிறுவித் தமிழுக்கு முதல் தேர்வாக, எழுத்துருத் தேர்வை நிர்வகிக்கும் ஃபான்ட்கான்ஃபிக்கில் குறித்துவையுங்கள்.

கேள்வி (சேலம்): 4 ஜிபி ரேம். மிகவும் இலகுவான டெஸ்க்டாப் எது?

பதில்: திருவாரூர் நண்பருக்குத் தந்த பதிலே. உங்களுக்கு எக்ஸ்எஃப்சிஇ போதும்.

கேள்வி (பொறியியல் மாணவர், மதுரை): உபுண்டுவில் க்னோமோடு பிளாஸ்மாவையும் நிறுவினேன். இப்போது இரண்டு கோப்பு மேலாளர்கள், இரண்டு உரைத் தொகுப்பிகள். க்னோமுக்குள் நுழைந்தால் ஐகான்களும் சுட்டியும் மாறியிருக்கின்றன. எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது?

பதில்: இதற்காகத்தான் தொடக்கத்தில் அந்த வேண்டுகோளை வைத்தேன். இரண்டு டெஸ்க்டாப்புகளும் உங்கள் முகப்புக் கோப்புறையில் உள்ள அதே கான்ஃபிக் கோப்புறையில்தான் அமைப்புகளை எழுதுகின்றன. ஜிடிகே செயலிகள் தன்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று பிளாஸ்மா எழுதிவைக்கும் தீம், ஐகான், சுட்டி அமைப்புகளைத்தான் க்னோமில் நீங்கள் காண்கிறீர்கள். புதிய கணக்கில் சோதித்திருந்தால் அந்தக் கணக்கை நீக்குவதோடு இது முடிந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: உள்நுழைவுத் திரையை முதலில் க்னோமின் ஜிடிஎம்முக்குத் திருப்புங்கள், அதன் பிறகு பிளாஸ்மா தொகுப்புகளை நீக்குங்கள். வரிசை மாறினால் உள்நுழைவுத் திரையே இல்லாத கணினி மிஞ்சக்கூடும். தானாக நீக்கும் கட்டளை காட்டும் பட்டியலை முழுவதும் படிக்காமல் சம்மதம் தராதீர்கள். அதில் க்னோமின் பெயர் தென்பட்டால் நிறுத்திவிடுங்கள். பின்னர் கான்ஃபிக் கோப்புறையில் உள்ள ஜிடிகே-3, ஜிடிகே-4 கோப்புறைகளின் பெயரை மாற்றிவைத்து, மீண்டும் நுழைந்து பாருங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும்.

கேள்வி (சென்னை): ஒவ்வொரு முறை மேம்படுத்தும்போதும் க்னோம் நீட்சிகள் உடைகின்றன. என்ன செய்வது?

பதில்: நீட்சிகளைக் குறையுங்கள். க்னோம் நீட்சி என்பது தனிச் செயலி அல்ல. க்னோம் ஷெல்லின் உள்ளேயே ஓடி அதன் உள்ளுறுப்புகளைத் திருத்தும் நிரல். அந்த உள்ளுறுப்புகள் நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குறுதி தரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றியதால் பழைய நீட்சிகள் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. நீட்சி கட்டாயம் வேண்டுமென்றால் உங்கள் விநியோகமே தொகுத்து வழங்குவதைப் பயன்படுத்துங்கள். அவற்றைச் சோதிக்கும் பொறுப்பு விநியோகத்தாரிடம் இருக்கிறது.

கேள்வி (பெங்களூரு): அப்படியானால் குற்றம் க்னோமுடையதுதானே? வசதிகளை ஒவ்வொன்றாகப் பறித்துவிட்டு, பயனர் தானாகச் சேர்த்துக்கொண்டால் அதையும் உடைப்பது கட்டற்ற மென்பொருளுக்கு அழகா? பயனரின் சுதந்திரம் எங்கே?

பதில்: சுதந்திரம் என்று நீங்கள் சொன்னதால் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். மத்தியாஸ் எட்ரிச் 1996இல் கேடிஇ திட்டத்தை அறிவித்தபோது அது சார்ந்திருந்த க்யூடி நூலகத்தின் உரிமம் கட்டற்றதாக இல்லை. அந்தக் காரணத்தால்தான் 1997இல் மிகேல் தே இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். 2000இல் க்யூடி கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லில் வந்தது. சுதந்திரம் என்று அவர்கள் போராடியது நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமைக்காக. 2011இல் க்னோம் 3 பழைய பட்டைகளையும் சிறிதாக்கும் பொத்தானையும் எடுத்தபோது, க்னோம் 2ஐ விரும்பியவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தி மேட்டே டெஸ்க்டாப்பை உருவாக்கினார்கள். லினக்ஸ் மின்ட் குழு சின்னமனை உருவாக்கியது. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சுதந்திரம் அங்கே வேலை செய்தது.

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, அது குழுவாகச் சேர்ந்த நிரலாளர்களால் முடிந்தது. ஒரு சாதாரணப் பயனர் தன் டெஸ்க்டாப்பின் நிறத்தை மாற்றக்கூட ஒரு கிளைத்திட்டத்தைத் தொடங்க முடியுமா?

பதில்: முடியாது. இந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்க மாட்டேன். 2022இல் வந்த க்னோம் 42 முதல் அதன் செயலிகள் லிபஅத்வைத்தா நூலகத்துக்கு மாறின. அதன் பிறகு வெளித் தீம்கள் அவற்றில் முறையாகப் பொருந்துவதில்லை. செயலிகளை எழுதுபவர்கள் தரப்பிலும் காரணம் உண்டு: தாங்கள் சோதித்தே பார்க்காத ஒரு தீமில் பொத்தான் மறைந்துபோனால் பிழை அறிக்கை அவர்களுக்குத்தான் வருகிறது. இருந்தாலும் தன் கணினியின் நிறத்தைத் தானே தீர்மானிக்க விரும்பும் பயனர் தவறு எதுவும் செய்துவிடவில்லை.

நான் வலியுறுத்த விரும்பும் வேறுபாடு இதுதான். டெஸ்க்டாப் தானாகவே அமைப்புகளில் தரும் திருத்தம் ஒரு வகை. அதன் விருப்பத்துக்கு மாறாக வெளியிலிருந்து நாம் புகுத்தும் திருத்தம் இன்னொரு வகை. பிளாஸ்மாவில் பட்டையை எங்கே வைப்பது, நிறம் என்ன, குறுக்குவிசை என்ன என்பதெல்லாம் அதன் நிரலாளர்களே எழுதிப் பராமரிக்கும் வசதிகள். எக்ஸ்எஃப்சிஇயின் பட்டைகளும் அப்படியே. அங்கே நீங்கள் எவ்வளவு மாற்றினாலும் அது டெஸ்க்டாப்பின் பொறுப்பு. க்னோமில் நீட்சியால் மாற்றினால் அது உங்கள் பொறுப்பு. மாற்றிக்கொள்ளும் ஆசை உள்ளவர் மாற்ற அனுமதிக்கும் டெஸ்க்டாப்புக்குச் செல்ல வேண்டும். க்னோமைப் பிடித்து வைத்துக்கொண்டு அதனோடு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதில்லை.

கேள்வி (பெங்களூரு, மீண்டும்): ஆக, க்னோமை விட்டுவிடு என்கிறீர்கள்.

பதில்: அதை மாற்ற விரும்புபவருக்கு அப்படித்தான் சொல்கிறேன். அது இருக்கும் விதத்திலேயே பிடித்தவருக்கு அதைவிட அமைதியான டெஸ்க்டாப் இல்லை. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (ஈரோடு): பிளாஸ்மாவுக்கு அழகான முழுத்தீம் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

பதில்: பரிந்துரைக்க மாட்டேன். முழுத்தீம் என்பது நிறமும் படமும் மட்டுமல்ல. உங்கள் அனுமதியோடு ஓடும் நிரல்களும் அதில் இருக்கலாம். 2024 மார்ச்சில், கேடிஇ கடையிலிருந்து எடுத்த ஒரு முழுத்தீம் ஒரு பயனரின் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டது. தீய நோக்கம் எதுவும் இல்லை, எழுதியவரின் நிரலில் இருந்த பிழைதான் காரணம். கேடிஇ குழுவே அதன் பிறகு எச்சரிக்கை வெளியிட்டது. நிறத் தொகுப்பு, ஐகான், பின்னணிப் படம் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுத்தீம்தான் வேண்டுமென்றால் புதிய பயனர் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (நாமக்கல்): சின்னமன் நிறுவிய பின் வைஃபை வரவில்லை.

பதில்: டெஸ்க்டாப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் வைஃபை சில்லின் பெயரோடு வன்பொருள் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): 4 ஜிபி ரேமுக்கு எது இலகு?

பதில்: மேலே இருமுறை சொல்லிவிட்டேன்.

கேள்வி (தஞ்சாவூர்): என் தம்பிக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பானோடு லினக்ஸ் பழக விரும்புகிறான். எந்த டெஸ்க்டாப்?

பதில்: க்னோம் அல்லது மேட்டே. ஓர்கா திரைவாசிப்பான் இவ்விரண்டிலும் நன்றாகப் பொருந்துகிறது. பேசும் நிரலான ஈஸ்பீக் என்ஜி தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் வேகமாக வாசிக்க வைத்தாலும் புரியும். ஆல்ட், சூப்பர் விசைகளோடு எஸ் விசையைச் சேர்த்து அழுத்தினால் க்னோமில் ஓர்கா தொடங்கும். உபுண்டுவில் நிறுவும் கட்டத்திலேயே இதைப் பயன்படுத்தலாம் என்பதால் தம்பி யார் துணையும் இல்லாமல் தானே நிறுவிக்கொள்ளவும் முயலலாம். அவருக்குத் தீம்களோ நீட்சிகளோ எதுவும் சேர்க்க வேண்டாம். பொத்தான்களுக்குப் பெயரிடாத நீட்சிகள் திரைவாசிப்பானுக்குப் புலப்படாமல் போகும். வேறு ஐயங்கள் எழுந்தால் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் தருவேன்.

கேள்வி (சிங்கப்பூர்): மடிக்கணினியில் 4கே திரை, அருகில் பழைய 1080 திரை. ஒன்றில் எழுத்து பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் தெரிகிறது. சின்னமன் பயன்படுத்துகிறேன்.

பதில்: திரைக்குத் திரை வெவ்வேறு அளவில் பெரிதாக்குவதற்கு எக்ஸ்11 தோதான அடித்தளம் அல்ல. சின்னமனின் வேலேண்ட் ஆதரவு 6.0 பதிப்பில் சோதனை முயற்சியாகவே தொடங்கியது, எக்ஸ்எஃப்சிஇ 4.20இலும் அது சோதனை நிலையில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பிளாஸ்மா 6ஐப் பரிந்துரைக்கிறேன்: அமைப்புகளில் 4கே திரைக்கு 175 அல்லது 200 விழுக்காடும், மற்றதற்கு 100 விழுக்காடும் வையுங்கள். என்விடியா அட்டை என்றால் இயக்கி 555 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முந்தையவற்றில் வேலேண்டில் திரை சிமிட்டும் தொல்லை பலருக்கு இருந்தது. சின்னமன் இருக்கும் கணக்கிலேயே பிளாஸ்மாவை ஓட்டிப் பார்க்காமல், புதிய கணக்கு ஒன்றில் நுழைந்து இரு திரைகளையும் இணைத்துச் சோதியுங்கள்.